மாப்பிள்ளை வரும் பக்கம்

ஒரே மாதிரி இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தைப் பற்றி, முன்னே எழுதியதைத் திருப்பி எழுதாமல், இருநூறு தடவை எழுதிப் பாருங்கள். அதற்கப்புறம் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் சங்கரவடிவு. வலைத்தளங்களைத் தேடுபொறியின் கண்ணில் படும்படி சீர்செய்து கொடுப்பது தொழில். திருநெல்வேலி டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அறை. அந்தக் காலத்தில் தேடுபொறியின் துழாவிகள் ஈசல்போலக் கிளம்பி உலகத்திலிருக்கும் எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டுப் போகுமாம். பிறகு இயந்திரங்கள் எழுதக் கற்றுக்கொண்டன. எழுதின, எழுதின, மூச்சுவிடாமல் எழுதித் தள்ளின. வலை முழுக்கக் குப்பை. இதையெல்லாம் படித்துக் கட்டுப்படியாகாது என்று தேடுபொறிக் கம்பெனி கையை விரித்தது. இனி மாவட்டத்துக்கு ஒரே ஒரு துழாவி, அதுவும் பதர் எது மணி எது என்று பிரிக்கத் தெரிந்த உயர்ந்த ரகம், ஒரு நாளைக்கு இத்தனை பக்கம்தான் படிக்கும் என்று ஏற்பாடாகிவிட்டது.

எங்கள் மாவட்டத்துத் துழாவிக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. வருவதற்கு நாள் சொல்லாது. வரும்போது வாசல் துப்புரவாக இருக்க வேண்டும், காத்திருக்க வைக்கக் கூடாது, கேட்டது கேட்ட இடத்தில் கிடைக்க வேண்டும். ஏதாவது குறைந்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும், பிறகு மாசக் கணக்கில் எட்டிப் பார்க்காது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எங்கேயும் வராது. இயந்திரத்துக்குச் சூடு தணிய வேண்டாமா என்று நாங்களாகவே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மாப்பிள்ளை படிக்காத பக்கம் ஊரிலேயே இல்லாத பக்கம். இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆளில்லா ஆட்டோக்கள் தேடுபொறி சொல்லும் முகவரிக்குத்தான் போகும். "இந்தத் தெரு இல்லப்பா, அடுத்த தெரு" என்று சொன்னால் கேட்பதற்கு உள்ளே டிரைவர் கிடையாது, சண்டை போடவும் வழி கிடையாது.

இப்படிப்பட்ட காலத்தில்தான் ஆவுடையப்பன் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குக்கர், மிக்ஸி சாமான்கள் விற்கிற கடை. கடை நிறையச் சரக்கு இருந்தது, ஆள்தான் வரவில்லை.

"ஏம்மா வடிவு, நல்ல வெளிச்சத்துல படம் எடுத்து இருநூறு கேஸ்கட்டையும் போட்டிருக்கேன். இன்னும் என்ன வேணுமாம் ஒன் மாப்பிள்ளைக்கு?"

"அது படம் பாக்காது அண்ணாச்சி. படத்துக்குப் பின்னால மறைவா எழுதி வைக்கத மட்டுந்தான் படிக்கும்."

"அப்பம் கேஸ்கட்னு எழுதிப் போடு."

"எல்லாத்துக்கும் ஒண்ணு போல எழுதினா, எல்லாம் ஒரே சரக்குன்னு நெனச்சு ஒண்ண வச்சிக்கிட்டு மிச்சத்தத் தள்ளிரும்."

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு லிட்டரும் அஞ்சு லிட்டரும் ஒண்ணா? அது வீட்டுல சமைக்கதே இல்லையா?"

"அதுமட்டுமில்ல. ஒரு பக்கத்துலருந்து அடுத்த பக்கத்துக்குப் போறதுக்கு வழி, லிங்க்னு சொல்லுவாங்கள்லா, அது போட்டு வைக்கணும். வழி இல்லைன்னா முட்டுச்சந்துல மாட்டுன மாதிரி நின்னு பாத்துட்டுத் திரும்பிரும். நீங்க ஒரு வழியும் போடல."

"எல்லாத்தையும் நீயே போட்டுரு தாயி" என்று சொல்லிவிட்டு அவர் டீ வாங்கப் போய்விட்டார்.

வழிகளைப் போடுவது சுலபம். எழுத்துதான் உயிரை வாங்கியது. முதல் முப்பது கேஸ்கட்டை விட்டம், தடிமன், எந்தக் கம்பெனி மூடிக்குப் பொருந்தும் என்று ஒப்பேற்றினேன். அதற்கப்புறம் என்னிடம் சரக்கு தீர்ந்துபோனது. ரப்பர் வளையம் என்னைப் பார்த்தது, நான் ரப்பர் வளையத்தைப் பார்த்தேன். எரிச்சலில் இப்படி அடித்தேன்: ‘ஐந்து லிட்டர் குக்கருக்கான கேஸ்கட். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிய மரகதம், போகும்போது குக்கரின் மூடியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனாள்.’

அடுத்த படத்துக்குக் கை தானாகவே ஓடியது. ‘ஐந்தரை லிட்டர் குக்கருக்கான கேஸ்கட். மூடியில்லாத குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு மரகதத்தின் புருஷன் தளவாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பருப்பு வேகவில்லை.’

அவளிடம் மூடி, அவனிடம் குக்கர், இருவர் வீட்டிலும் சோறு சரியில்லை. கொடுத்தனுப்பவும் மனமில்லை, கேட்டனுப்பவும் மனமில்லை. ஏழு லிட்டர் கேஸ்கட்டுக்கு வருவதற்குள் மரகதத்தின் மாமியார் சமாதானத் தூது போய், மூடியைப் பற்றிப் பேச்செடுக்கப் பயந்து, அவியல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அளவைப் பார்ப்பார்கள். படத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த எழுத்து அவர்கள் கண்ணில் படாது. மாப்பிள்ளை மட்டும்தான் படிக்கும். இயந்திரம்தானே, படித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் வந்தது. யார் வந்தார்கள், எந்தப் பக்கம் படித்தார்கள் என்று காட்டுகிற திரை என்னிடம் இருக்கிறது. இருநூறு கேஸ்கட்டையும் ஒன்றுவிடாமல் படித்திருந்தது. மறுநாளும் வந்தது. புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது என்று புரிந்ததும், மிக்ஸி ஜாடிகளில் கதையைத் தொடர்ந்தேன். அதற்கடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. பதினாறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாத்திரம், பம்புசெட், பல் டாக்டர் என்று எழுதாத பக்கமில்லை. அதில் ஒரு வரியையாவது யாராவது ஆசைப்பட்டுப் படித்திருப்பார்களா? இப்போது ஒரு வாசகர் கிடைத்திருந்தது. அது இரும்போ சிலிக்கனோ, எனக்குக் கவலையில்லை. காலையில் பல் தேய்க்கும் முன்னால் மரகதம் இன்று என்ன செய்வாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கடையோ ஓகோ என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளை அடிக்கடி வருகிற பக்கம் நல்ல பக்கம் என்பது தேடுபொறியின் கணக்கு. குக்கர் தேடியவர்கள் வந்தார்கள், மிக்ஸி தேடியவர்கள் வந்தார்கள், கடைசியில் தையல்காரர் தேடியவர்களைக்கூட ஆட்டோக்கள் அண்ணாச்சி கடை வாசலில் இறக்கிவிட்டுப் போயின. அவர்களிடமும் அண்ணாச்சி ஆளுக்கொரு வெயிட் வால்வை விற்றுவிட்டார்.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், பாளையங்கோட்டையில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மையத்தைத் தலைமை நர்ஸாக இருந்து நடத்துகிறாள். அவள் மையத்தின் வலைப்பக்கமும் என் பொறுப்புதான். முருகன்குறிச்சியிலிருந்து மகாராஜநகருக்கு மையம் இடம் மாறியதும் புது முகவரியைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"ஏட்டி வடிவு, முகவரி மாத்தி ஒரு மாசமாகப் போவுது. ஆட்டோவெல்லாம் இன்னும் பழைய எடத்துக்குத்தான் போவுது. அங்க இப்பம் பிரியாணிக்கடை!"

"மாப்பிள்ளை இன்னும் வந்து படிக்கலட்டி. வந்திரும்."

"எப்பம் வரும்? ஞானதிரவியம் சார் தெரியும்லா, டிரில் மாஸ்டர்? அவர ஆட்டோ பழைய எடத்துல எறக்கிவிட்டுட்டுப் போயிட்டு. வெயில்ல ஃபைலத் தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு நின்னிருக்காரு. அப்பிடியே விழுந்துட்டாரு. பிரியாணிக்கடைக்காரங்கதான் தூக்கி ஒக்கார வச்சிருக்காங்க."

"ஐயோ. இப்பம் எப்பிடி இருக்காரு?"

"உசுரு இருக்கு. ஆனா வர மாட்டேங்காரு. வாரம் மூணு தடவ வந்தே ஆகணும், வரலைன்னா என்ன ஆகும்னு ஒனக்கே தெரியும். ‘போதும் சிஸ்டர், அலைஞ்சு அலைஞ்சு அலுத்துப்போச்சு, என்னய வீட்டுலயே விட்டுருங்க’ன்னு சொல்லுதாரு. நாளைக்கு ஒரு தடவ, எனக்காக, கடைசியா வாரேன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான்."

நான் திரையைத் திறந்து மாவட்டம் முழுவதற்குமான வருகையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தன் ஒரு நாள் ஒதுக்கீட்டில் பெரும்பகுதியை அண்ணாச்சியின் கேஸ்கட் பக்கத்திலேயே செலவழித்துக்கொண்டிருந்தது. படித்ததையே மறுபடி மறுபடி படித்திருந்தது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, டயாலிசிஸ் மையம் எல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தன. எஸ்தரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. "கேஸ்கட்டுக்குக் கதை எழுதினியா?"

"வேற என்னத்த எழுதச் சொல்லுத?"

"முடிச்சுத் தொலை, ஒடனே!"

அவள் கண்ணெதிரிலேயே வேலையை ஆரம்பித்தேன். அன்றைக்கு மத்தியானம் வரை புதிதாக எதுவும் எழுதாமல் விட்டுப்பார்த்தோம். மாப்பிள்ளை அதற்குள் நாற்பது தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சரி, முடித்துவிடலாம் என்று மரகதத்தையும் தளவாயையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி, பஸ்ஸை ஆற்றில் தள்ளினேன். அரை மணி நேரத்தில் தேடுபொறியிலிருந்து அறிக்கை வந்தது: ‘பிழையுள்ள பக்கம். திருத்தவும்.’ கோபத்தில் ‘உள்ளே வராதே’ என்று துழாவிகளுக்கு வைக்கிற அறிவிப்பைக் கடைப் பக்கத்தின் வாசலிலேயே மாட்டினேன். அது உள்ளே வரவில்லை. அறிவிப்பை எடுத்துவிட்டார்களா என்று பார்க்க நிமிஷத்துக்கொரு தடவை வாசலுக்கு வந்தது. இதற்கிடையில் கடை தேடுபொறியிலிருந்து காணாமல் போய், அண்ணாச்சி போனில் அலற ஆரம்பித்துவிட்டார். அறிவிப்பைக் கழற்றினேன், பஸ்ஸை ஆற்றிலிருந்து தூக்கினேன்.

எஸ்தருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒன் மரகதம் வீட்டுல ஒருத்தருக்குக் கிட்னி போயி எங்க சென்டர்ல வந்து படுத்தாத்தான் ஒனக்கெல்லாம் புத்தி வரும்!"

நான் நிமிர்ந்தேன். அண்ணாச்சிக்கு வழி போடச் சொல்லிப் பாடம் எடுத்தவள் நான். வருகிறவரை விரட்டுவதற்கு மெனக்கெட்டதற்குப் பதில், போக வேண்டிய இடத்துக்கு ஒரு வழி போட்டிருக்க வேண்டாமா? என் தலையில் நானே ஒன்று வைத்துக்கொண்டேன்.

கடைசி மிக்ஸி ஜாடியில் இப்படி எழுதினேன்: ‘மரகதத்துக்குப் போன் வந்தது. அவள் அப்பாவை ஆட்டோ எங்கேயோ இறக்கிவிட்டுவிட்டதாம்.’ அதற்குக் கீழே எஸ்தரின் மையத்துப் பக்கத்துக்கு ஒரு வழி. மையத்தின் வலைப்பக்கத்தில், புதுக் கட்டடத்தின் படத்துக்குப் பின்னால், அடுத்த பகுதி. மரகதத்தின் அப்பா பழைய முகவரியில் உச்சி வெயிலில் நிற்கிறார். புது முகவரியைப் படித்து ஏற்ற வேண்டியவர் வேறெங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வினை. மரகதம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், அது குக்கர் மூடி. அப்பாவின் தலைக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு, மகாராஜநகர் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருக்கும் மையத்துக்கு நடத்தியே கூட்டிவருகிறாள். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால், தளவாய். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

காபி போட்டுக் குடிப்பதற்குள் மாப்பிள்ளை அங்கே போய்விட்டது. சாயங்காலம் தேடுபொறியில் புது முகவரி ஏறியிருந்தது. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள், திட்டியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஞானதிரவியம் சாரின் ஆட்டோ நேராக மகாராஜநகருக்கே வந்து நின்றது என்று போன் செய்து சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன். "வடிவு, இங்க ஒரு ஆளு வந்திருக்காரு. நோயாளி இல்ல. கையில டிபன் பை. மரகதம்னு யாராவது இங்க வந்தாங்களான்னு கேக்காரு. எனக்குப் பயமா இருக்கு, வா."

போனேன். வரவேற்பறை நாற்காலியின் நுனியில், தடித்த கண்ணாடி போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார்.

"எம் பேரு குற்றாலிங்கம், அம்மா. சேரன்மாதேவி. அந்தக் கேஸ்கட் எழுதுனது நீங்களா?"

"ஆமா. நீங்க எப்பிடி அதப் படிச்சிய? அது மாப்பிள்ளை மட்டும் படிக்கதுல்லா?"

அவர் செருப்பைப் பார்த்தார். "நாந்தாம்மா அது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். "மொதல்ல மெஷினத்தான் வச்சிருந்தாங்க. மெஷின் எழுதுனத மெஷினே படிச்சு, பிரமாதம் பிரமாதம்னு சொல்லிக்கிட்டு இருந்துது. குப்பை எது, ஆளு எழுதுனது எதுன்னு அதுக்குத் தெரியல. அதனால மாவட்டத்துக்கு ஒரு ஆளப் போட்டாங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. படம் வராது, எழுத்து மட்டுந்தான் வரும். ஆறு வருசமா வாசிக்கேன். ஒரு பக்கத்துலகூட ஒரு மனுசன் கோவப்பட்டு நான் பாக்கல. திடீர்னு ஒருத்தி குக்கர் மூடியத் தூக்கிட்டுப் போறா."

"நேத்து ஒரே காலைல நாப்பது தடவ வந்தியளே!"

"அப்பம் நீங்க எழுதலல்லா? ஒடம்பு சரியில்லையோன்னு பாத்தேன்." அவருக்குச் சட்டென்று கோபமும் வந்தது. "அந்தப் பஸ்ஸ ஆத்துல தள்ளுனியளே, அது நல்லாவா இருக்கு?"

"அதான் பிழைன்னு போட்டியளோ?"

"பின்ன?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து ஆபீஸ்ல கண்டுபுடிச்சிட்டாங்க. கேஸ்கட் பக்கத்துல என்ன வேலை ஒனக்குன்னு கேட்டுச் சீட்டைக் கிழிச்சுட்டாங்க. இனிமே புது மெஷினாம். போற போக்குல இந்த முகவரிய மட்டும் ஏத்திட்டு வந்தேன். அந்தப் பெரியவர் வெயில்ல நின்னாருன்னு எழுதியிருந்தியளே, அது நெசமா?"

நான் தலையை ஆட்டினேன். வேலை போனதைச் சொன்னபோது கலங்காத மனிதர், இதற்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் ஒரே வாசகரின் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான்தான்.

உள்ளே ஞானதிரவியம் சார் படுத்திருந்தார். கையிலிருந்து குழாய்கள் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். குற்றாலிங்கம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, அன்னைக்கு நீங்க வெயில்ல நின்னதுக்கு நாந்தான் காரணம். இந்தப் பக்கத்த நான் முன்னாலயே படிச்சிருக்கணும். அத விட்டுட்டுக் கதை படிச்சிக்கிட்டு இருந்தேன்."

"கதைய எழுதுனது நான் சார்" என்றேன் நானும்.

பெரியவர் மெதுவாகத் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். மைதானத்தில் வரிசை தவறிய பையன்களைப் பார்க்கிற பார்வை. "என்ன கதை?"

"குக்கர் மூடிக் கதைய்யா."

"நல்லாருக்குமா?"

"அதனால எனக்கு வேலையே போயிட்டுங்கய்யா" என்றார் குற்றாலிங்கம்.

பெரியவரின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "அப்பம் இப்பிடி உக்காந்து படியும். எப்படியும் இன்னும் மூணு மணி நேரம் நான் இங்கதான கெடக்கணும்."

குற்றாலிங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, படங்களுக்குப் பின்னால் இருந்த எழுத்தை நான் என் கைபேசியில் திறந்து கொடுக்க, படிக்க ஆரம்பித்தார். ‘ஐந்து லிட்டர் குக்கருக்கான கேஸ்கட்’ என்பதைக்கூட விடாமல் படித்தார். ஆறு வருஷம் படித்துச் சம்பளம் வாங்கிய மனிதர் இல்லையா, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. மாமியார் அவியல் சாப்பிட்டுத் திரும்பிய இடத்தில், எதிர்ப் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்த அம்மா சிரித்துவிட்டாள். ஜன்னலோரம் படுத்திருந்தவர் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பஸ் ஆற்றில் விழுந்ததைக் குற்றாலிங்கம் யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் தளவாய் நிற்கிற இடத்துக்கு வந்ததும் கைபேசியைக் கீழே வைத்தார். நான்கு படுக்கைகளிலிருந்தும் தலைகள் திரும்பின.

"பொறவு?" என்றார் ஞானதிரவியம் சார்.

"இன்னும் எழுதல சார்."

"எழுதலையா? மூடியக் கையில வச்சிக்கிட்டு நிக்கா, எதிர்ல அவன் நிக்கான், எழுதலைன்னா என்ன அர்த்தம்? வியாழக்கிழமைக்குள்ள எழுதி வையி." பிறகு எஸ்தரைப் பார்த்தார். "சிஸ்டர், வியாழக்கிழமை எனக்கு எத்தன மணிக்கு?"

எஸ்தர் இயந்திரத்தின் பக்கம் திரும்பி எதையோ சரிசெய்தாள். அப்புறம் நேரத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, என் இரண்டு தோளையும் இறுகப் பிடித்தாள்.

"ஏட்டி," என்றாள், "தயவுசெஞ்சு அந்தக் கதைய முடிச்சிராத."